குடியை விட்டவரின் மாலை நேரம்



தவக்காலத் தியானத்தின் கடைசி நாள். கோவில் நிறைந்திருக்கிறது. தியானப் பிரசங்கியார் குடியின் கேடுகளை எடுத்துரைத்து முடித்ததும், பின் வாங்கில் இருந்த ஒருவர் எழுந்து பீடத்தடிக்கு வருகிறார். பாடுபட்ட சுரூபத்தின் மேல் கைவைத்து, "இனி என்ரை ஆயுளிலை தொடமாட்டன்" என்று சத்தியம் செய்கிறார். பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். சில நாட்களில் பாஸ்கு வருகிறது. உயிர்ப்பு ஞாயிறு மத்தியானம் மச்சான்மார் வருகிறார்கள். அவர்களோடு ஒரு போத்தலும் வருகிறது. அடுத்த நாட் காலை அந்த மனைவி குருமனை விறாந்தையில் நிற்கிறார். "சுவாமி, அவர் திரும்பவும் துவங்கிட்டார். சத்தியத்தையும் முறிச்சுப் போட்டார். இனி நான் என்ன செய்ய?"

இப்படியொரு காட்சியை அறியாத பங்கு நம்மிடையே அரிது. குருப்பட்டம் பெற்ற முதல் ஆண்டுகளில் நானும் இத்தகைய சத்தியங்களைக் கேட்டு வாங்கியவன்தான். அவற்றை முறித்தவர்களைக் கண்டபோது கோபித்தவனுந்தான். அந்தக் கோபத்தினால் ஒருவராவது குடியை விட்டதாக எனக்கு நினைவில்லை. விட்டவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் விட்ட விதம் வேறு.

சத்தியம் செய்த அந்த மனிதர் பொய்யர் அல்லர். அந்த வேளையில் அவர் உள்ளத்திலிருந்தே பேசினார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தைத் தவிர வேறெதற்கும் நாம் அவரை ஆயத்தப்படுத்தவில்லை. மறுநாள் மாலை 6 மணிக்கு அவர் எங்கே போவார்? யாரோடு இருப்பார்? கை நடுங்கினால் என்ன செய்வார்? கடன் கேட்டு வருபவனுக்கு என்ன பதில் சொல்வார்? இவற்றை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. குடியை விடுவது ஒரு நிமிடத்துச் சத்தியம் அன்று. ஒவ்வொரு மாலையையும் வேறு விதமாக வாழப் பழகுவதே அது. இவ்வாரம் நாம் படிக்கப்போகும் பாடம் இதுவே.

பாவமா, நோயா?

தலையான புண்ணியங்கள் நான்கு என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம்: விவேகம், நீதி, திடம், மட்டசனம். நான்காவதாகிய மட்டசனம் என்பது உணவிலும் குடியிலும் மற்றெல்லா இன்பங்களிலும் அளவைக் காக்கும் புண்ணியம். திருச்சபை திராட்சை இரசத்தைத் தீயது என்று ஒருபோதும் போதித்ததில்லை. ஆண்டவர் கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீரை இரசமாக்கினார். புனித சின்னப்பர், வயிற்று நோயினால் வருந்திய தீமோத்தேயுவுக்குச் சிறிது இரசம் அருந்தும்படி எழுதினார். நமது பீடத்தில் ஒவ்வொரு நாளும் இரசம் ஆண்டவரின் திரு இரத்தமாகிறது.

ஆயினும் அதே சின்னப்பர், இறையரசை உரிமையாக்கிக் கொள்ளாதோரின் வரிசையில் குடிவெறியரையும் வைத்து, கொரிந்தியருக்கும் கலாத்தியருக்கும் எழுதியிருக்கிறார். பழமொழி ஆகமத்தின் 23ம் அதிகாரத்தில் குடிகாரனைப் பற்றிய ஒரு சித்திரம் உண்டு. கண் சிவந்து, காரணமில்லாத காயங்களோடு, நடுக்கடலில் பாய்மரத்தின் உச்சியில் படுத்திருப்பவனைப் போல அவன் ஆடுகிறான், அடிபட்டதும் தெரியவில்லை, விழித்ததும் திரும்ப அதையே தேடிப் போகிறான். கடலை அறிந்த நமது மக்களுக்கு இச்சித்திரத்தை விளக்க வேண்டியதில்லை. 1992ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், குடிவெறியில் வீதியிலோ கடலிலோ வானத்திலோ தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவோர் கனமான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் என்று போதிக்கிறது.

அப்படியானால் குடி பாவம் மட்டுந்தானா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுவுக்கு அடிமைப்படுதலும் ஒரு நோயாகவே இடம் பெற்றுள்ளது. பழக்கமும் அச்சமும் மனத்தின் கோளாறுகளும் ஒருவருடைய செயலுக்குரிய பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்று அதே மறைக்கல்வி நூலும் ஏற்றுக்கொள்கிறது. முதற் குவளையை எடுத்தவர் தம் விருப்பப்படி எடுத்தார். ஆயிரமாவது குவளையை எடுப்பவரோ கட்டுண்ட மனிதர். பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் வேண்டும். நோய்க்கு வைத்தியம் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஒருவரும் எண்ணலாகாது.

"அளவோடு குடித்தால் உடம்புக்கு நல்லது" என்று சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். உடல்நலத்துக்குக் கேடில்லாத மதுவின் அளவு என்று ஒன்று இல்லை என 2023ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அடிமைப்பட்டுவிட்ட ஒருவருக்கோ அளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருக்குரிய மட்டசனம், முற்றாக விடுவதே.

மரக்காலையில் வேலை செய்த ஒரு மனிதர்

இனி நாம் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகருக்குப் போவோம். அங்கு வாழ்ந்த ஒரு தொழிலாளியின் வரலாறு, நமது விறாந்தையில் நிற்கும் அந்தத் தாயின் கேள்விக்கு நல்ல விடையாக அமையும்.

மத்தேயு டல்பொட் 1856 மே 2ம் திகதி ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 'மற்' என்றே எல்லாரும் அழைத்தனர். தகப்பனும் குடிப்பவர். மற் 12 வயதில் மதுபான வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடிக்கவும் பழகினார். 16 ஆண்டுகள் அவருடைய சம்பளமெல்லாம் தவறணைக்கே போயிற்று. கையில் காசில்லாதபோது சப்பாத்தைக்கூட விற்றுக் குடித்தார். ஒருமுறை, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைத் தோழரோடு சேர்ந்து திருடி விற்று, அதையும் குடித்துத் தீர்த்தார்.

1884ல் அவருக்கு 28 வயது. சில நாட்களாக வேலை இல்லை. கையில் காசும் இல்லை. ஒரு சனிக்கிழமை தவறணைக்கு வெளியே போய் நின்றார். தாம் எத்தனையோ தடவை வாங்கிக் கொடுத்த தோழர்கள் அன்று சம்பளத்தோடு வருவார்கள், ஒருவராவது உள்ளே கூப்பிடுவார் என்று காத்திருந்தார். எல்லாரும் அவரைக் கடந்து போனார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்பிய மற், குடியை விட வாக்குக் கொடுக்கப் போவதாகத் தாயிடம் சொன்னார். காக்கும் எண்ணம் இல்லாவிட்டால் கொடுக்காதே என்று அந்தத் தாய் மறுமொழி கூறினார். கேலியும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. பலமுறை ஏமாந்த ஒரு தாயின் நிதானமான வார்த்தை அது.

மற் நேரே திருச்சிலுவைக் குருமடத்துக்குச் சென்று, ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். குடியை விடுவதாக வாக்குக் கொடுத்தார். எவ்வளவு காலத்துக்கு? 3 மாதத்துக்கு மட்டும். அந்த 3 மாதம் முடிந்ததும் 6 மாதத்துக்குக் கொடுத்தார். அதன் பிறகே ஆயுள் முழுவதற்கும் கொடுத்தார். 1925 யூன் 7ம் திகதி, பரிசுத்த தமத்திரித்துவத் திருநாளன்று, பூசைக்குப் போகும் வழியில் தெருவிலே விழுந்து இறக்கும் வரை 41 ஆண்டுகள் அவர் ஒரு சொட்டும் அருந்தவில்லை. மரக்காலை ஒன்றில் கூலித் தொழிலாளியாகவே உழைத்து வாழ்ந்த அந்த மனிதரைத் திருத்தந்தை 6ம் சின்னப்பர் 1975ல் 'வணக்கத்துக்குரியவர்' நிலைக்கு உயர்த்தினார்.

இவருடைய வாழ்விலிருந்து நாம் படிக்கக்கூடிய பாடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் பாடம்: காக்கக்கூடிய காலத்துக்கு வாக்குக் கொடுங்கள்

உணர்ச்சி பொங்கும் வேளையில் ஆயுளுக்கெல்லாம் சத்தியம் செய்வது எளிது. ஆனால் 20 ஆண்டுகள் குடித்த ஒருவருக்கு, ஆயுள் என்பது ஏறமுடியாத மலை. முதல் முறை தவறியதும், "சத்தியம் முறிஞ்சு போச்சு, இனி என்ன?" என்று முழுவதையும் கைவிட்டு விடுகிறார். மற் டல்பொட்டுக்கு வாக்குக் கொடுக்க உதவிய குரு விவேகமானவர். காக்கக்கூடிய ஒரு காலத்தோடு துவங்கினார்.

இதே உண்மையை 1935ல் அமெரிக்காவில் ஏக்ரன் நகரில் சந்தித்த இரு குடிநோயாளரும் கண்டுகொண்டனர். ஒருவர் பங்குச் சந்தையில் தொழில் செய்தவர். மற்றவர் சத்திரசிகிச்சை வைத்தியர். 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' எனப்படும், பெயர் வெளியிடாத குடிநோயாளரின் தோழமை அவர்களிடமிருந்தே பிறந்தது. இன்று மட்டும் குடியாதிருப்போம், நாளையை நாளை பார்ப்போம் என்பதே அவர்கள் கைக்கொண்ட முறை. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்க ஆண்டவர் கற்பித்த செபத்தை ஒரு நாளில் பலமுறை சொல்லும் நமக்கு இது புதிய போதனை அல்லவே!

ஆகவே, குடியை விட விரும்பும் சகோதரரே, உங்கள் பங்குக் குருவிடம் செல்லுங்கள். ஒரு கிழமைக்கு, அல்லது அடுத்த முதல் வெள்ளி வரைக்கும் வாக்குக் கொடுங்கள். அந்த நாள் வந்ததும் திரும்பிச் சென்று அதைப் புதுப்பியுங்கள். திரும்பிப் போகவேண்டிய ஓர் இடமும், நம்மை எதிர்பார்த்திருக்கும் ஒருவரும் இருப்பது பெரிய பலம்.

இரண்டாம் பாடம்: உடலை வைத்தியரிடம் காட்டுங்கள்

இதை எல்லாக் குடும்பங்களும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்த ஒருவர் திடீரென நிறுத்தினால் உடல் அதைத் தாங்காமல் போகலாம். சில மணித்தியாலங்களில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, ஓங்காளம், நித்திரையின்மை ஆகியன தோன்றும். சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரும். வேறு சிலருக்கு 2ம், 3ம் நாளளவில் காய்ச்சலோடு புத்தி தடுமாறும். இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும். வைத்தியம் இல்லாவிட்டால் இது உயிரையும் பறிக்கக் கூடும்.

இப்படிப் பிதற்றுபவரைக் கண்டு, "பேய் பிடிச்சிட்டுது", "ஆரோ செய்வினை செய்து போட்டினம்" என்று பரிகாரிகளைத் தேடி ஓடும் வீடுகள் உண்டு. அன்பானவர்களே, அந்த நேரத்தில் ஓடவேண்டியது ஆஸ்பத்திரிக்கே. அதைவிட நல்லது, நிறுத்துவதற்கு முன்னரே வைத்தியரிடம் உண்மையான அளவைச் சொல்லிவிடுவது. மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளில் நடைபெறும் மனநலக் கிளினிக்குகளில் இதற்கான சிகிச்சை உண்டு. நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தையும், குடியினால் உடல் இழந்த தயமின் எனும் விற்றமினையும் கொடுத்து, அந்த ஆபத்தான நாட்களைக் கடக்க வைத்தியர்கள் உதவுவார்கள். மனநலப் பிரிவுக்குப் போனால் விசர் என்று சொல்வார்களே எனக் கூச்சப்பட வேண்டாம். நோயாளிகளுக்கே வைத்தியன் தேவை என்று சொன்னவர் நம் ஆண்டவர்.

மற்றுமோர் எச்சரிக்கை. கணவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேநீரிலோ கலந்து கொடுத்தால் குடியை மறப்பார் என்று சொல்லி விற்கப்படும் தூள்களை வாங்காதீர்கள். குடித்தால் உடல் வெறுக்கும்படி செய்யும் மருந்து ஒன்று உண்மையில் உண்டு. அதை வைத்தியரே, நோயாளியின் சம்மதத்துடன், உடலைப் பரிசோதித்த பின்பு கொடுப்பார். அறியாதவருக்கு மறைவாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். மனச்சம்மதம் இல்லாத இடத்தில் மருந்து மட்டும் மனிதனை மாற்றாது. 38 ஆண்டுகளாய்ப் படுக்கையில் கிடந்தவனிடமும் ஆண்டவர், குணமடைய விரும்புகிறாயா என்று முதலில் கேட்டாரன்றோ!

மூன்றாம் பாடம்: மாலை நேரத்தை நிரப்புங்கள்

வாக்குக் கொடுத்த பின்பு மற் டல்பொட் அதிகாலைப் பூசைக்குப் போனார். பிறகு வேலைக்குப் போனார். பகல் எப்படியோ கழிந்தது. மாலை வந்தது. அதுதான் போராட்டமான நேரம். பழைய தோழரைச் சந்திக்காமலிருக்க அவர் தெருத்தெருவாய் நடந்தார். கால் ஓய்ந்ததும் அருகிலிருந்த கோவிலுக்குள் புகுந்து முழங்காலில் நின்றார். ஒருநாள் ஆசை மேலிட்டுத் தவறணைக்குள்ளேயே நுழைந்துவிட்டதாகவும், நல்லகாலமாக ஒருவரும் அவரைக் கவனிக்காததால் வெளியேறி விட்டதாகவும், அன்று முதல் கையில் காசு கொண்டு போவதில்லை என்று தீர்மானித்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். மனவுறுதி இருக்கிறது என்று அவர் தம்மை நம்பவில்லை. சோதனை வரும் நேரத்தையும் இடத்தையும் அறிந்து வழியை மாற்றிக் கொண்டார்.

நமது மக்களின் மாலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். கடலால் வந்து மீனை விற்றுக் காசு கைக்கு வந்த நேரம். மேசன் வேலை முடிந்து உடல் அலுத்த நேரம். கந்தோரிலிருந்து திரும்பித் தனியே இருக்கும் நேரம். இன்னொன்றும் உண்டு. 2004ல் கடல் கொண்டுபோன பிள்ளையின் முகமும், 2009ல் விட்டுவந்த வீட்டின் நினைவும், காணாமற் போனவரின் குரலும் திரும்பி வருவது அந்த மாலை நேரத்தில்தான். துக்கத்தை மறக்கக் குடிக்கத் துவங்கியவர்கள் நம்மிடையே பலர். அவர்களைக் குடிகாரர் என்று மட்டும் சொல்லிக் கடந்து போவது கிறிஸ்தவ அன்பாகாது. ஆனால் அவர்களிடம் ஓர் உண்மையை அன்போடு சொல்லவேண்டும்: குடி துக்கத்தை ஆற்றுவதில்லை, அடுத்த நாள் காலைக்கு ஒத்திவைக்கிறது. அதன்மேல் வட்டியும் வாங்குகிறது.

ஆகவே குடியை விடுபவர், முதல் நாளிலேயே தம் மாலை நேரத்துக்கு ஒரு திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும் பாதை தவறணை வாசலால் போகுமானால் சுற்று வழியானாலும் வேறு பாதையைப் பிடியுங்கள். சம்பளத்தையோ மீன் விற்ற காசையோ அன்றைக்கே மனைவியின் கையில் சேர்த்துவிடுங்கள். பசியும் களைப்பும் ஆசையைத் தூண்டும். வந்ததும் குளித்து, எதையாவது சாப்பிட்டு, தேத்தண்ணி குடியுங்கள். பின் கையை வேலையில் வையுங்கள்: வலை பொத்துங்கள், வேலி அடையுங்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் இறையுங்கள், பிள்ளையின் பாடப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். இரவு செபமாலையில் ஒரு பத்து மணியை நீங்களே துவக்கி வையுங்கள். குடியை விட்ட வேறொருவர் ஊரில் இருந்தால் அவரோடு உறவாடுங்கள். ஆசை அலைபோல் எழும்; சிறிது நேரம் பொறுத்தால் அலைபோலவே தணியும். அந்தச் சிறிது நேரத்தைத் தனியே கழிக்காதிருப்பதே வெற்றி.

நான்காம் பாடம்: செய்த கேட்டைச் சீராக்குங்கள்

மற் டல்பொட் தவறணைகளில் கடனுக்குக் குடித்த காசை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். பிடிலைப் பறிகொடுத்த ஏழையை நகரெங்கும் தேடினார். காணமுடியாதபோது, கொடுக்க வைத்திருந்த பணத்தை அந்த மனிதனின் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செலவிட்டார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி நாம் படித்த பழைய பாடந்தான்.

குடியை விட்ட தகப்பன் வீட்டுக்கும் கடன்பட்டவர். அடைவில் கிடக்கும் காப்பு ஒரு கடன். பாடசாலைக் கூட்டத்துக்குப் போகாத நாள் ஒரு கடன். பிள்ளைகளின் முன்னிலையில் மனைவியைப் பேசிய பேச்சு ஒரு கடன். "இப்ப குடிக்கிறேல்லைத்தானே, இன்னும் என்ன வேணும்?" என்று கேட்கலாகாது. அடைவை மீட்க மாதம் ஒரு தொகையை ஒதுக்குங்கள். மனைவியிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் உடனே நம்பாவிட்டால் கோபிக்காதீர்கள். நம்பிக்கை உடைவதற்கு ஆண்டுகள் சென்றன. அது திரும்பக் கட்டப்படுவதற்கும் காலம் செல்லும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மனைவிமாரே, தாய்மாரே, அவர் குடித்ததற்கு நீங்கள் காரணர் அல்லர். உங்கள் சமையலோ, உங்கள் வாயோ, உங்கள் சீதனமோ காரணம் அன்று. அப்படிச் சொல்லும் ஊராரை நம்பவேண்டாம். ஆனால் உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. அவர் வெறியில் இருக்கும்போது வாதாடாதீர்கள். காலையில், தெளிவில், அமைதியாய்ப் பேசுங்கள். அவருக்காகப் பொய் சொல்லி வேலைக்கு விடுமுறை கேட்பதையும், தவறணைக் கடனை நீங்கள் கட்டுவதையும் நிறுத்துங்கள். குடியின் பலனை அவரே காணட்டும். சிறுவனின் கையில் காசைக் கொடுத்துப் போத்தல் வாங்க அனுப்பும் வழக்கம் நம் வீடுகளிலிருந்து ஒழியவேண்டும். 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்பது 2006ம் ஆண்டின் சட்டப்படி நமது நாட்டில் குற்றம். அவர் குடியாதிருக்கும் நாட்களில், "எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்று குத்திப் பேசவேண்டாம். அந்த ஒரு வார்த்தை ஒரு போத்தலுக்குச் சமம்.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருப்பதுதான் கத்தோலிக்க மனைவியின் சிலுவை என்று திருச்சபை போதிக்கவில்லை. வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலும் உள்ளத்தாலும் பெரும் ஆபத்து உண்டாகும்போது பிரிந்து வாழ்வதற்கு 1983ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1153ம் இலக்கத்தில் இடமளிக்கிறது. தாமதம் ஆபத்தானால் உடனேயே விலகவும் அது அனுமதிக்கிறது. நாட்டின் சட்டமும் 2005ம் ஆண்டு முதல் வீட்டு வன்முறையிலிருந்து பாதுகாப்புத் தேடி நீதிமன்றத்துக்குச் செல்ல வழிசெய்துள்ளது. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டும் ஒருவருக்காகச் செபிக்கலாம். அவர் திருந்திவரக் காத்திருக்கலாம்.

விழுந்தால்?

பலர் விழுகிறார்கள். 3 மாதம் காத்தவர் ஒரு செத்த வீட்டில் தவறிவிடுகிறார். அப்பொழுது சாத்தான் காதில் ஓதுவது இதுதான்: "எல்லாம் போச்சு." எல்லாம் போகவில்லை. அந்த 3 மாதம் உண்மை. அதில் பிள்ளைகள் கண்ட தகப்பனும் உண்மை. நீதிமான் ஏழுமுறை விழுந்தாலும் எழுவான் என்று பழமொழி ஆகமம் சொல்கிறது. அன்றே, மற்றக் குவளைக்கு முன்னர், எழுந்துவிடுங்கள். குருவிடம் வாருங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரோடு விழுந்தீர்கள் என்று அமைதியாக ஆராய்ந்து, அந்த ஓட்டையை அடையுங்கள். குருக்களாகிய நாங்களும் திரும்பி வந்தவரை ஏசி அனுப்பாதிருக்கக் கடமைப்பட்டவர்கள். ஊதாரி மைந்தனைக் கண்டு தகப்பன் ஓடிப்போனார்; கணக்குக் கேட்டவன் மூத்த மகனே.

இரசம் நாவில் படுவதே சோதனையாகும் என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. தேவ நற்கருணையை அப்ப வடிவில் மட்டும் உட்கொள்பவரும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார். எனவே திருக்கிண்ணத்திலிருந்து பருகாமல் விடுவதில் குறையொன்றும் இல்லை. குடிநோயால் வருந்தும் குருக்கள்கூட, ஆயரின் அனுமதியோடு, முற்றாகப் புளிக்காத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம் என்று திருச்சபையின் 2003ம் ஆண்டுச் சுற்றுமடல் இடமளித்தது. திருப்பலிப் பீடத்திலேயே நோயாளிக்கு இவ்வளவு இரக்கம் காட்டும் திருச்சபை, பந்தியில் மட்டும் இரக்கமற்றிருக்கலாமா?

பங்கின் கடமை

பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் புதுநன்மைக்கும் நாம் போத்தல் திறக்கிறோம். கோவில் திருநாளில் சுரூபம் சுற்றிவந்து உள்ளே போகுமுன்னரே, பின் வளவில் குவளைகள் கைமாறுகின்றன. குடியை விட்ட ஒருவர் வந்து, "எனக்கு வேண்டாம்" என்றால், "ஒரு மிடறு குடிச்சா என்ன, ஆம்பிளைதானே?" என்று வற்புறுத்துகிறோம். அவர் மாதக்கணக்காய் முழங்காலில் நின்று கட்டியதை ஒரு பகிடியால் இடித்துவிடுகிறோம். இடறலைப் பற்றி ஆண்டவர் சொன்ன கடுமையான வார்த்தைகள் அந்தப் பந்திக்கும் பொருந்தும். மது இல்லாத ஒரு கலியாண வீட்டை நடத்த உங்களில் சிலராவது துணிவீர்களா? குடியை விட்டவர்கள் மாதம் ஒரு மாலை கூடிப் பேச, பங்கு மண்டபத்தில் ஓர் அறையைத் திறந்துவிடுவீர்களா? அந்த மாலை நேரம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக் கூடும்.

குருமனை விறாந்தையில் நின்ற அந்தத் தாயின் கேள்விக்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் இது: அவரைக் கூட்டி வாருங்கள், அம்மா. ஆயுளுக்கு வேண்டாம், அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒரு வாக்குக் கொடுக்கட்டும். நாளைக் காலை வைத்தியரிடம் போகட்டும். நாளை மாலை 6 மணிக்கு இங்கே வரட்டும். கோவில் வளவில் செய்யக் கைவேலை நிறைய இருக்கிறது.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. நமது வீட்டில் மாலை 6 மணி முதல் 9 மணி வரை எப்படிக் கழிகிறது? அதில் எதை மாற்றலாம்?

2. நமது உறவில் குடியை விட முயலும் ஒருவர் உண்டா? கடந்த மாதம் நாம் அவருக்கு உதவினோமா, இடறலானோமா?

3. நமது வீட்டில் அடுத்ததாக வரும் விசேடத்தை மது இல்லாமல் நடத்த என்ன தடை?

செபம்

இரக்கமுள்ள ஆண்டவரே, குடியினால் கட்டுண்ட எங்கள் தந்தையரையும் சகோதரரையும் கண்ணோக்கியருளும். இன்றைய ஒரு நாளைக்குப் போதிய பலத்தை அவர்களுக்குத் தாரும். விழுந்தவரை எழுப்பும், எழுந்தவரைக் காத்தருளும். அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மாரின் கண்ணீரைத் துடைத்து, எங்கள் வீடுகளின் மாலை நேரத்தில் நீரே எங்களோடு தங்கியிரும். ஆமென்.

- ஆசிரியர்